‘இந்தப் பாட்டுக்கு வேண்டாமே’

என் வீட்டுக்காரரின் வேலை நிமித்தம் நாலு வருஷம் புவனோஸ் ஐரிஸில் குடியிருந்ததையும், அங்கே 47 வயதில் நான் டாங்கோ கற்றுக்கொண்டதையும் போன மாதம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதன் விளைவாக வந்து குவிந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆடக் கூப்பிடுகிறவரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அப்படிச் சொல்லக் கேட்டவர் முகத்தை எங்கே கொண்டு போய் வைத்துக்கொள்வது? வத்தக்குழம்பு, மருமகள், முழங்கால் எல்லாம் அடுத்த மாதம். இந்த முறை முழுக்க ஆட்டம்தான்.

வயது 29, சொந்த ஊர் தென்காசி, பெங்களூரில் வேலை. வாரம் ஒருநாள் சல்சா சோஷியலுக்கு, அதாவது எல்லோரும் கூடி ஜோடி மாற்றி ஆடும் கூட்டத்துக்குப் போகிறேன். அங்கே ஒருவர் கையை ரொம்ப முறுக்கி ஆடுவார், தோள்பட்டை இரண்டு நாள் வலிக்கும். போன வாரம் அவர் கூப்பிட்டபோது, “கால் வலிக்குது, உட்காரப்போறேன்” என்றேன். அரை நிமிஷத்தில் எனக்குப் பிடித்த இன்னொருவர் கை நீட்டினார். யோசிக்காமல் எழுந்து போய்விட்டேன். ஆடும்போது பார்த்தால் முதல் ஆள் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று எங்களையே பார்க்கிறார். மன்னிப்புக் கேட்கணுமா ஆன்ட்டி?

ஆட மாட்டேன் என்றதற்குக் கேட்க வேண்டாம். கால் வலிக்குக் கேட்டுவிடு.

அவர் மனசு சுருங்கியது நீ மறுத்ததால் என்றா நினைக்கிறாய்? தினமும் நாலு பேர் மறுக்கிற இடம் அது, அவருக்கும் பழகியிருக்கும். வலிக்கிற கால் அரை நிமிஷத்தில் சுழன்று சுழன்று ஆடியதே, அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். ‘இவனுக்கு ஒரு பொய் போதும்’ என்று நீ நினைத்ததாக அவருக்குப் பட்டிருக்கும்.

நம் ஊர் பந்தியை நினைத்துப் பார். சாதம் போட வருகிறவரிடம் இலைக்கு மேலே கையைக் குறுக்கே காட்டி “போதும்ங்க” என்கிறோம். ஏன் போதும், வயிறு சரியில்லையா, குழம்பு பிடிக்கவில்லையா என்று அவர் விசாரிப்பதில்லை. வாளியோடு அடுத்த இலைக்குப் போய்விடுகிறார். அதே இலையில் பாயசத்துக்கு நாம் கையை எடுத்துவிட்டால், ‘அப்ப சாதம் வேண்டாம்னீங்களே’ என்று எவரும் சண்டைக்கு வருவதுமில்லை. ஃப்ளோரிலும் அந்தக் கை போதும். சிரித்த முகமாக “இந்தப் பாட்டுக்கு வேண்டாமே, தேங்க்ஸ்” என்று சொல். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். காரணம் என்று ஒன்றை நீட்டிவிட்டால் அதற்குக் காவல் இருக்க வேண்டி வரும். கால் வலி என்றாயா, அந்தப் பாட்டு முடியும்வரை காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே ஆகவேண்டும்.

இன்னொன்று. “அப்புறம் ஆடலாம்” என்பதை வாய் தவறிக்கூடச் சொல்லாதே, சொன்னால் அப்புறம் நீயே எழுந்து போய் அவரைக் கூப்பிட வேண்டும். அவர் காத்திருப்பார் பாவம்.

முறுக்கும் கை விஷயம் தனி. மற்றபடி நல்ல ஆள் என்றால் அடுத்த முறை ஆடத் தொடங்கும்போதே “கையைக் கொஞ்சம் லூசாப் பிடிங்க, எனக்குத் தோள்பட்டை வலிக்குது” என்று சொல்லிப் பார். இது உண்மையான வலி என்பதால் தைரியமாகச் சொல்லலாம். பாதிப் பேர் தெரியாமல்தான் முறுக்குகிறார்கள்.

பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவன், வயது 74. எங்கள் இளமையில் இன்ஸ்டிடியூட்டில் ஆங்கிலோ இந்தியர்களின் டான்ஸ் நடக்கும். ஒருவரை வேண்டாம் என்ற பெண் அந்த டான்ஸ் முடியும்வரை வேறு யாருடனும் ஆடக்கூடாது என்று ஒரு விதி இருந்ததாக நினைவு. இன்றைக்கும் அது உண்டா?

ஐயா, நானும் பொன்மலை! அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். எட்டு வயதில் இன்ஸ்டிடியூட் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு எத்தனையோ கிறிஸ்துமஸ் டான்ஸ் பார்த்திருக்கிறேன். வழுக்க வேண்டும் என்பதற்காகத் தரையில் பவுடர் தூவுவார்கள். வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், அப்புறம் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஆடும் ஜைவ். எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, பகலெல்லாம் கோழிக்குத் தவிடு பிசைகிறவர், ராத்திரி ஒன்பது மணிக்குச் சாட்டின் கவுனில் வந்து நிற்கும்போது அடையாளமே தெரியாது.

நீங்கள் சொல்லும் விதி இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டு நடத்தை நூல்களில் அச்சடித்தே வந்தது. ஒருவரை மறுத்த பெண் அதே ஆட்டத்துக்கு வேறொருவர் கையைப் பிடிக்கக்கூடாது; அப்படிச் செய்வது முதல் ஆளை நாலு பேர் முன்னால் அவமதிப்பது. அந்தக் காலப் பெண்களிடம் மணிக்கட்டில் தொங்கும் குட்டிப் புத்தகம் ஒன்றும் இருக்கும், கூடவே தீக்குச்சி அளவில் பென்சில். எந்த ஆட்டம் யாரோடு என்று அதில் முன்கூட்டியே எழுதிக்கொள்வார்கள். ‘நிரம்பிவிட்டது’ என்று சொல்லித் தப்பிக்கலாம், புத்தகத்தை அவர் எட்டிப் பார்க்காதவரை.

என்னைக் கேட்டால், ஒழிந்தது நல்லது. கூப்பிடுகிற உரிமை ஆணுக்கு மட்டும், மறுத்தால் தண்டனை பெண்ணுக்கு மட்டும். ஒரு முரடனைத் தவிர்க்க ஒரு நல்ல வால்ட்ஸை இழக்கவேண்டும். இன்றைய சல்சா, ஸ்விங் கூட்டங்களில் இந்த விதி அநேகமாக இல்லை. ‘வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் தேவையில்லை’ என்று வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். தலைகீழாகவும் ஓர் ஏற்பாடு உண்டு. வியன்னாவில் லென்ட் நோன்பு தொடங்குவதற்கு முந்தைய திங்கட்கிழமை ஹோஃப்பர்க் அரண்மனையில் நடக்கும் ருடோல்ஃபீனா ரெடூட் என்ற நடனத்தில் பெண்கள் முகமூடி போட்டு வருவார்கள், நள்ளிரவுவரை அவர்கள்தான் ஆண்களைத் தேர்ந்தெடுப்பார்கள்.

பொன்மலையில் எனக்குப் பிடித்தது பால் ஜோன்ஸ். ஞாபகம் இருக்கிறதா? பெண்கள் உள்வட்டம், ஆண்கள் வெளிவட்டம், எதிரெதிர் திசையில் சுற்றுவார்கள். பாட்டு நின்றதும் எதிரே யார் நிற்கிறாரோ அவரோடு ஆட்டம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, யாரும் யாரையும் மறுக்கவில்லை. ஆனால் அதிலும், பாட்டு நிற்கப்போகிற சமயத்தில் நடையைக் கூட்டிக் குறைத்து, வேண்டியவர் முன்னால் போய் நின்றுகொள்ளும் ஆசாமிகளை ஜன்னலிலிருந்து நாங்கள் எண்ணிக்கொண்டிருப்போம்.

அலுவலக வேலையாக ஆறு மாதம் புவனோஸ் ஐரிஸ் போகிறேன். சென்னையில் இரண்டு வருஷம் டாங்கோ கற்றிருக்கிறேன். அங்கே வாயைத் திறந்து கூப்பிடவே மாட்டார்கள், கண்ணால்தான் எல்லாம் என்கிறார்களே, உண்மையா? நான் பெண்.

உண்மை. யுனெஸ்கோ 2009இல் டாங்கோவைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நான் அந்த ஊரில்தான் இருந்தேன். நான் இரண்டு தடவை மானம் போய்க் கற்றதை நீ காசில்லாமல் கற்றுக்கொள்.

முதலில் ஏற்பாட்டைப் புரிந்துகொள். மிலோங்கா என்கிற ஆட்டக் கூடத்தில் பாட்டுகள் கொத்துக் கொத்தாக வரும். ஒரு கொத்துக்குத் தாந்தா என்று பெயர். டாங்கோ என்றால் பெரும்பாலும் நாலு பாட்டு, வால்ஸ் அல்லது மிலோங்கா தாளம் என்றால் மூன்று. ஒரு தாந்தா முழுவதும் ஒரே ஜோடி. இரண்டு தாந்தாவுக்கு நடுவே அரை நிமிஷம்போல டாங்கோவே இல்லாத எதையாவது போடுவார்கள், அது கோர்த்தீனா, அதாவது திரை. திரை விழுந்ததும் ஃப்ளோர் சுத்தமாகக் காலியாகிவிடும். எல்லோரும் அவரவர் நாற்காலிக்குப் போயாக வேண்டும். ஏன் தெரியுமா? கூடம் காலியானால்தான் அந்தப் பக்கம் இருப்பவர் இந்தப் பக்கம் இருப்பவரைப் பார்க்க முடியும்.

பார்ப்பதில்தான் சூட்சுமம். யாரோடு ஆட விருப்பமோ அவரை நீயும் பார்க்கிறாய், அது மிராதா. அவர் கண் உன்னைச் சந்தித்ததும் தலையை லேசாகச் சாய்ப்பார், அது கபேசேயோ. சம்மதம் என்றால் நீயும் தலையசைத்துக் கண்ணை எடுக்காமல் இரு. வேண்டாமா? கைப்பையில் எதையோ தேடு, விசிறியைப் பார். அவ்வளவுதான் மறுப்பு. அவர் பார்வை அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடும். கூடத்தில் இருக்கும் நூறு பேரில் ஒருவருக்கும் நடந்தது தெரியாது, சில சமயம் மறுக்கப்பட்டவருக்கே சந்தேகமாக இருக்கும். அந்தச் சந்தேகம் எவ்வளவு பெரிய தயவு! நேரே மேசைக்கு வந்து கை நீட்டுகிற ஆணை அங்கே நாகரிகம் தெரியாதவர் என்பார்கள், ஏனென்றால் அவர் உன்னை எல்லோர் முன்னாலும் பதில் சொல்ல வைத்துவிடுகிறார்.

இனி என் மானம் போன கதை. எனக்கு மைனஸ் நாலு பவர். அழகு கெடும் என்று கண்ணாடி போடாமல் போனேன். எதிர்ப்பக்கத்தில் வெள்ளைச் சட்டை ஒன்று தலையைச் சாய்த்தது மங்கலாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் எழுந்து பாதி ஃப்ளோர்வரை நடந்துவிட்டேன். அவர் தயங்கினார், என் தோளுக்கு மேலே பார்த்தார். திரும்பினால் எனக்குப் பின் மேசையில் அறுபது வயது அம்மாள் ஒருத்தி பாதி எழுந்த நிலையில். அவர் என்னைப் பார்த்தார், உட்கார்ந்துகொண்டார், அந்த ஆளிடம் ‘கூட்டிட்டுப் போ’ என்று விரலை அசைத்தார். நாலு பாட்டும் அந்த ஆளோடு ஆடினேன். என் வாழ்க்கையிலேயே நீளமான 12 நிமிஷம். ஆகவே கண்ணாடி போட்டுக்கொள். ஆள் உன் நாற்காலி முன்னால் வந்து நிற்கிறவரை எழுந்திருக்காதே.

இரண்டாவது கதை ஒரே சொல்லில் முடியும். கிராசியாஸ். நன்றி என்று அர்த்தம். முதல் பாட்டு முடிந்ததும் நல்ல வளர்ப்புள்ள பெண்ணாக “கிராசியாஸ்” என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. ஒன்றும் பேசாமல் என்னை நாற்காலிவரை கொண்டுவிட்டுப் போய்விட்டார். தாந்தா நடுவில் அங்கே நன்றி என்றால் ‘போதும், உன்னோடு இனி ஆட மாட்டேன்’ என்று பொருளாம். நாமும் அப்படித்தானே, கிளம்பும்போது “வரேன்” என்கிறோம், கேட்கிற வெளிநாட்டுக்காரர் நாம் உள்ளே வரப்போகிறோம் என்று நினைப்பார். நாலாவது பாட்டு முடிந்தபின் கிராசியாஸ் சொல். அதற்குமுன் சொன்னால், நிஜமாகவே நிறுத்த வேண்டும் என்பதற்காகச் சொல்.

ஒரே ஒரு ஆறுதல். அந்த ஊரில் மறுப்பு பல சமயம் ஆளுக்கு அல்ல, ஆர்க்கெஸ்ட்ராவுக்கு. தரியென்ஸோவின் குழு என்றால் வேகம், தாளம் வெட்டி வெட்டிப் போகும். டி சார்லி நிதானம். புக்லியேசே வந்தால் புயல். தரியென்ஸோவுக்கு என்னை ஏறெடுத்தும் பார்க்காத ஒருவர் டி சார்லி தொடங்கினால் கூடத்தின் கோடியிலிருந்து என்னைத் தேடுவார். என் கால் எதற்கு லாயக்கு என்று என்னைவிட அவருக்குத் தெரிந்திருந்தது.

சென்னை. வயது 38, ஆண். சல்சா கற்று ஐந்து மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை மூன்று பெண்கள் வரிசையாக மறுத்தார்கள். நான் அவ்வளவு மோசமா?

தம்பி, முதலில் சட்டை. சோஷியலுக்கு இரண்டு மாற்றுச் சட்டை, ஒரு கைத்துண்டு. நனைந்த முதுகில் கைவைக்க யாருக்கும் பிடிக்காது. அன்றைக்குப் பூண்டு ரசம் வேண்டாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், பெண்கள் உங்களிடம் சொல்லாததை எனக்கு எழுதுகிறார்கள்.

அடுத்து, எப்போது கூப்பிட்டீர்கள்? செருப்பு வாரை அவிழ்க்கிறவர் வீட்டுக்குக் கிளம்புகிறார். தண்ணீர் குடிக்கிறவருக்கு மூச்சு வாங்குகிறது. பச்சாட்டா தொடங்கியதும் கூப்பிட்டீர்களோ? சல்சா யாரோடும் ஆடுவேன், நெருங்கி ஆடும் பச்சாட்டா தெரிந்தவர்களோடு மட்டும் என்று வைத்திருக்கும் பெண்கள் நிறைய. அவர்களிடம் சல்சாவுக்குக் கேளுங்கள். சோஷியலுக்கு முன் நடக்கும் தொடக்க வகுப்புக்குப் போய்விட்டால், முதல் அரை மணி நேரம் உங்களைப் போன்றவர்களே ஃப்ளோரில் இருப்பார்கள்.

மறுத்தால் “சரிங்க” என்று சிரித்துவிட்டு நகருங்கள். ‘ஏன்?’ வேண்டவே வேண்டாம். அந்த ஒரு கேள்விதான் பெண்களைக் கால் வலி சொல்ல வைக்கிறது. ஒருவர் இரண்டு முறை மறுத்தால் மூன்றாவதை அவரிடமே விட்டுவிடுங்கள், விருப்பம் இருந்தால் அவரே வருவார்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்களை மறுத்தவர்கள் மூன்று பேர். நீங்கள் மறுத்தவர்கள் எத்தனை பேர்? சுவரோரம் நாற்காலியில் நடுவயதுப் பெண் ஒருவர், உடம்பு பருத்த பெண் ஒருவர் உட்கார்ந்திருந்திருப்பார்களே. அவர்கள் பக்கம் நீங்கள் திரும்பியிருக்கவே மாட்டீர்கள், அதனால் அது கணக்கில் வரவில்லை. புவனோஸ் ஐரிஸில் அப்படிக் கூப்பிடாமல் விடப்பட்டு உட்கார்ந்திருப்பதற்கு ‘பிளாஞ்சார்’ என்பார்கள், அதாவது இஸ்திரி போடுவது. தொடக்கத்தில் ஒருநாள் சாயங்காலம் மூன்று மணி நேரம் நான் இஸ்திரி போட்டிருக்கிறேன். ஒரு ஊர்த் துணியைத் தேய்த்திருக்கலாம்.

கோவை. மைத்துனி கல்யாண ரிசப்ஷன் வருகிறது. டி.ஜே. போட்டதும் வீட்டுக்காரரின் பெரியப்பா பையன் கையைப் பிடித்து நடுவில் இழுத்துவிடுவார். எனக்கு ஆடவே பிடிக்காது. சொன்னால் ‘பந்தா’ என்கிறார்கள்.

பாட்டு ஆரம்பிக்கிற சமயம் பார்த்து யாருடைய கைக்குழந்தையையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றவளும் உங்களை வாழ்த்துவாள். குழந்தை கிடைக்காவிட்டால், இழுத்த கையை விடுவித்துக்கொண்டு, நாலு பேர் காதில் விழ, “தம்பி, எனக்கு வேண்டாங்க. உங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிடுங்கள். பந்தா என்று சொல்லிவிட்டுப் போகட்டும். உங்கள் வீட்டுக்காரரிடம் மட்டும் முந்தின ராத்திரியே பேசி வையுங்கள். அந்த நேரத்தில் அவர் உங்கள் பக்கம் நிற்க வேண்டும், செல்ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்கக்கூடாது.

சிங்கப்பூர். ஆட ஒத்துக்கொண்டபின் ஒருவர் வேண்டுமென்றே இறுக்கி அணைத்தார். பாட்டு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். நடுவில் விட்டுவிட்டு வரலாமா?

வரலாம். கையை எடு, “நிறுத்திக்கலாம்” என்று சொல், ஃப்ளோர் ஓரமாக நடந்து வெளியே வா. நன்றி, மன்னிப்பு, சிரிப்பு எதுவும் தேவையில்லை. நடத்துகிறவரிடம் அன்றைக்கே சொல்லிவிடு. நான் மேலே சொன்ன எந்த மரியாதையும் இந்த ஆளுக்குப் பொருந்தாது.

மதுரை. நாலு வருஷம் ஆடினீர்களே, உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார்? அவரும் ஆடுவாரா?

ஆட மாட்டார். ஆனால் துணைக்கு வருவார். அதில் ஒரு சிக்கல். மிலோங்காவில் ஆணும் பெண்ணுமாக ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஜோடி என்று கணக்கு, வேறு யாரும் அந்தப் பெண்ணைக் கண்ணாலும் கூப்பிட மாட்டார்கள். அதனால் மனுஷனைக் கூடத்தின் எதிர்க்கோடியில், பார் பக்கத்தில், ஒரு காப்பியோடும் இரண்டு நாள் பழைய செய்தித்தாளோடும் உட்கார்த்தி வைப்பேன். உள்ளே வரும்போதே நாங்கள் அன்னியர்கள்.

ஒருநாள் ராத்திரி ஒரு மணி இருக்கும். டி சார்லி தாந்தா தொடங்குகிறது. கண்ணாடி போட்டிருந்தேன், தெளிவாகத் தெரிந்தது. எதிர்க்கோடியிலிருந்து என்னையே பார்த்து அவர் தலையைச் சாய்த்தார். கல்யாணமாகி 22 வருஷம். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நானும் தலையசைத்தேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, முறைப்படி ஃப்ளோர் ஓரமாகவே நடந்து என் நாற்காலி முன்னால் வந்து நின்றார். எழுந்தேன். குனிந்து என் காதருகே, “வீட்டுக்குப் போகலாமா, தூக்கம் வருது” என்றார்.